அடுப்புப் பரணில் கிரிக்கெட் சாயிப்புமார்

தேவதாசன் அந்தச் சின்ன அட்டையைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்கு முன் மூக்குக்குக் கொண்டுபோனான்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை. அதில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு வெள்ளைக்காரர் மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்பார். தேவதாசன் அவரை ஒரு தடவை மோந்து பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மோந்து பார்த்தான். அப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என் தம்பி தாணு கதவுநிலையில் சாய்ந்து நின்றான். சாயா கொண்டுவந்த நான், தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

அந்த அட்டைகளை அவன் எடுத்துக்கொண்டால் தாணுவுக்குப் பஹ்ரைன் விசா கிடைக்கும். எடுக்காவிட்டால் கிடைக்காது. விஷயம் அவ்வளவுதான்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைத் தாணு வாரா வாரம் படிக்கிறான். இந்தச் சங்கதியை மட்டும் எழுதாதே அக்கா என்று போன மாதமே சொல்லிவிட்டான். ஏன் அப்படிச் சொல்கிறான் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

வேலிக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீடு தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில். அப்பா திருவனந்தபுரத்தில் சர்க்கார் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், வீட்டில் சமையல்காரி. வீட்டைச் சுற்றித் தென்னந்தோப்பு. தோப்பின் கிழக்கு மூலையில் ஓர் ஓலைக்குடில். அதில் பொன்னையன், அவன் மனைவி ஞானம்மை, அவர்களுடைய ஒரே மகன் தேவதாசன்.

நிலச்சட்டம் வந்தது. அடுத்தவன் நிலத்தில் குடில் கட்டி இருப்பவனுக்குக் குடிலைச் சுற்றிப் பத்து சென்ட் சொந்தம் என்றார்கள். சும்மா கிடைக்குமா? அங்கே நெடுங்காலமாக இருப்பதை நிரூபிக்க வேண்டும். நிலத்துக்காரனோ, அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்து ஆட்கள், இரண்டு கட்சிக்காரர்களும்தான், புதியதைப் பழையதாக்கப் படித்துக்கொண்டார்கள்.

நேற்றுக் கட்டிய குடிலுக்கு வேறெங்கிருந்தோ கரிபிடித்த ஓலையைக் கொண்டுவந்து வேய்வார்கள். யார் வீட்டிலோ வருடக்கணக்கில் எரிந்த அடுப்புக்கல்லைச் சுமந்து வந்து நடுவில் போடுவார்கள். நிலத்துக்காரர்கள் மட்டும் இளைத்தவர்களா? முந்தாநாள் எழுதிய பத்திரத்தைப் பால் விடாத கட்டன் சாயாவில் துடைத்து, மூலையைத் தவிட்டில் தேய்த்து, அடுப்புக்கு மேலே பரணில் புகைபோட்டு, பாட்டன் காலத்து ஆவணமாக இறக்குவார்கள். எதுவும் பழையதாகத் தெரிந்தால்தான் செல்லும் என்பது எல்லார் மனதிலும் ஊறிவிட்டது.

அப்பாவும் ஒன்று இறக்கினார். பொன்னையன் தேங்காய்க் காவலுக்கு வந்த கூலிக்காரன், குடில் எங்களுடையது, கேட்கும்போது காலி செய்கிறேன் என்று அவனே கைநாட்டு வைத்ததுபோல ஓர் உடன்படிக்கை. அதை வைத்துக்கொண்டு, நெய்யாற்றின்கரையில் நடந்த விசாரணையில் சத்தியம் செய்து, "பொன்னையன் காரோடு ஊருல இருந்து வந்தவன், இந்த மண்ணுல பொறந்தவன் இல்ல" என்று சொன்னார். பொன்னையன் பிறந்தது அந்தக் குடிலில்தான் என்று ஊருக்கே தெரியும்.

அதிகாரி மலையாளி. தாளைத் தூக்கி மூக்கருகே வைத்தார். "இதினு சாம்பாரின்றெ மணமாணல்லோ, சாரே!" என்றார். தாளில் சாம்பார் மணக்கிறது என்றதும் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற தேவதாசன் சிரிக்கவில்லை என்று அப்பாவே பின்னால் ஒருநாள் சொன்னார்.

பத்து சென்டுக்கும் பொன்னையன் பெயரில் சர்க்கார் பட்டயம் எழுதிக் கொடுத்தது. தோப்பில் வேலி வந்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பொன்னையன் செத்தபோதுகூட அப்பா போகவில்லை. தேவதாசன் டிரைவிங் படித்துப் பஹ்ரைனுக்குப் போனான். குடில் ஓட்டு வீடானது. அந்த ஓட்டின் சிவப்பு எங்கள் சமையல்கட்டு ஜன்னலில் தெரியும். அப்பா அந்த ஜன்னலைச் சாத்தியே வைக்கச் சொன்னார். புகையில் சமைக்கிறவள் நான்தானே, அவருக்கென்ன?

சரஸ்வதிக்குப் பக்கத்தில் ஒரு டின்

இனி அட்டைகளின் கதை. அப்பா சிகரெட் தொட்டதில்லை. கிரிக்கெட் என்றால் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய மேலதிகாரி ஓர் இங்கிலீஷ்கார இன்ஜினீயர். அவர் பிடிக்கும் சிகரெட் பாக்கெட்டுக்குள் ஆளுக்கு ஒன்றாகக் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டை வருமாம். அவர் சிகரெட்டை வைத்துக்கொண்டு அட்டையை மேசையில் எறிந்துவிடுவார். அப்பா எடுத்துக்கொள்வார்.

படத்துக்காக எடுக்கவில்லை. பின்பக்கத்தில் அந்த ஆட்டக்காரரைப் பற்றி நாலு வரி இங்கிலீஷ் இருக்கும். அதைப் படித்துப் படித்துத்தான் அப்பா தன் இங்கிலீஷைச் சீராக்கிக்கொண்டார். வரி குறைக்கச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு மனு எழுதினால்கூட, பதற்றமில்லாமல் தொடங்கிப் பிறகு துணிந்து அடிக்கும் வீரர் என்ற தோரணையில் ஒரு வாக்கியம் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு பிஸ்கட் டின்னில், மை ஒற்றும் தாள்களுக்கு நடுவே அட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். யாரும் தொடக்கூடாது. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு அந்த டின்னும் ஏறும். மூடியின் மேல் சந்தனம் வைப்பார், அட்டைமேல் வைக்கமாட்டார். அவல் வாங்க வரும் தோப்புப் பிள்ளைகளுக்கு அன்று மட்டும் டின்னைத் திறந்து காட்டுவார். தேவதாசனும் வருவான். கையுறை போட்டுக் குத்தவைத்திருக்கும் விக்கெட் கீப்பர்தான் அவனுக்குப் பிடித்த ஆள். "இவரு வெளிக்கு இருக்காராக்கும்" என்று ஒரு வருடம் சொல்லி அப்பாவிடம் காதுத்திருகல் வாங்கினான்.

வந்தவன் கேட்டது

அவன் லீவில் வந்தபோது ஒருநாள் காலையில் எங்கள் முற்றத்தில் வந்து நின்றான். சென்ட் வாசனை அவனுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிட்டது. மேசையில் ஒரு பால்பொடி டப்பாவையும் சோப்புக் கட்டிகளையும் வைத்தான். அவனுடைய அப்பன் என் அப்பாவை "ஏமானே" என்பான். இவன் "சாரே" என்றான். என்னை "டீச்சரே" என்றான். யாரும் உட்காரச் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சாரே, அந்த பிஸ்கட்டு டின்னு இப்பமும் உண்டா?"

"எந்த டின்னு?" என்றார் அப்பா. அவருக்கு உடனே புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது.

"பூசைக்கு வைப்பியளே. மட்டை பிடிச்ச சாயிப்புமாருக்க படம். எனக்க மொதலாளி ஒரு இங்கிலீஷ் சாயிப்பாக்கும். அவருக்கு இந்தப் படத்துல பெரிய பிராந்து, பைத்தியந்தான். பழைய செட்டு கிட்டினா வேற ஒண்ணும் வேண்டாம். நான் கேட்டா ஒரு விசா தருவாரு. நம்ம தாணுவுக்கு ஆகட்டு."

நம்ம தாணு! அந்த 'நம்ம' எங்கள் மூன்று பேர் காதிலும் குத்தியது.

தாணு அப்போது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். ஐடிஐ படித்த கை, வேலை இல்லாமல் இருந்தது. பம்பாய் ஏஜெண்டு ஒருவன் ஏற்கெனவே விசா என்று சொல்லி ஏமாற்றியதில் தோப்பிலிருந்த பலாமரங்களும் என் சங்கிலியும் போயிருந்தன. இனி இன்னொரு ஏஜெண்டைப் பார்க்க எங்களிடம் எதுவும் இல்லை. அவன் பாஸ்போர்ட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினான். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

அப்பா உள்ளே போய் டின்னைக் கொண்டுவந்தார். தேவதாசன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தான். வெயிலில் சாய்த்துப் பார்த்தான். நகத்தால் ஓரத்தை மெல்லத் தடவினான். நாலு மூலையையும் பார்த்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. பெருங்கடவிளைச் சந்தையில் மாடு பிடிக்கிறவன் நல்ல மாட்டைப் பார்த்தால் முகத்தை இப்படித்தான் வைத்துக்கொள்வான்.

"இதுல குத்தவச்ச ஒரு ஆளு உண்டுல்லா?"

"அப்படி ஒண்ணும் கெடையாது" என்றார் அப்பா. டின்னை எடுக்கப் போனபோதே அந்த ஒன்றை எடுத்துப் பஞ்சாங்கத்துக்குள் செருகியதை நான் பார்த்திருந்தேன். அதன் பின்பக்கத்து இங்கிலீஷ்தான் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்பது அவருடைய மதிப்பீடு.

தேவதாசன் டின்னை மூடினான். "நல்ல புத்தனாட்டு இருக்கே, சாரே" என்றான். புத்தம் புதிதாக இருக்கிறதாம். அவ்வளவுதான்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார் அப்பா.

"ஞாயிறாச்ச வாறேன். அதுக்கு மறுநாள் எனக்குப் பிளேன்."

மூன்று பேரின் சந்தேகங்கள்

அவன் போனபிறகு பால்பொடி டப்பாவை யாரும் தொடவில்லை. நான் மட்டும் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தேன்.

தாணுவின் சந்தேகம் இது: "அவன் அங்க போயி இதை ஒரு வீட்டு வெலைக்கு வித்துருவான். நமக்கு ஒரு விசா, அவனுக்கு ஒரு வீடு."

அப்பாவுக்கு வேறு: "நான் அவனுக்க அப்பனைக் கோர்ட்டுல ஏத்தினவன். எனக்க மவனுக்கு அவன் எதுக்குலே நல்லது செய்யணும்?"

என் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூன்று பேரும் அவன் முன்னால் கைகட்டி நிற்பதைப் பார்க்க ஆசைப்படுகிறான், பார்த்துவிட்டு விசா இல்லை என்று சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சந்தேகப்படுவதில் நான் அப்பாவுக்குச் சளைத்தவள் இல்லை.

ஆனால் மூன்று பேரையும் அரித்தது அந்த 'புத்தனாட்டு' என்ற சொல்தான். அப்பா அதை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டே முற்றத்தில் நடந்தார்.

"அவன் நம்பல்ல, தாணு. இது இப்பம் அச்சடிச்சதுன்னு நினைக்கான். பழைய சாதனம்னா பழசாட்டுத் தெரியாண்டாமா? சாயிப்பு மட்டும் நம்புவானா?"

நான் பள்ளிக்கூடம் போய்த் திரும்புவதற்குள் சாயிப்புமார் பரணில் ஏறியிருந்தார்கள். நூலில் கோத்துத் தொங்கவிட்டால் ஓட்டை விழும் என்று முறத்தில் பரப்பியிருந்தார்கள். கீழே உரித்த தேங்காய்த்தொண்டு புகைந்துகொண்டிருந்தது. தாணு ஸ்டூலில் ஏறி, பப்படம் காயப்போட்டவன்போல ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் போட்டான். வேலை கிடைக்காத அந்த வருடங்களில் அவன் இவ்வளவு உற்சாகமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. பஞ்சில் கட்டன் சாயாவைத் தொட்டு அப்பா மூலைகளை ஒற்றினார். ஞாயிற்றுக்கிழமை காலையில், வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்டக்காரர்கள் எல்லாரும் காவி உடுத்தியிருந்தார்கள். அப்பா திருப்தியாகக் குளிக்கப் போனார்.

மோந்து பார்த்தவன்

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தேவதாசன் அட்டையை மோந்து பார்த்தது.

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அட்டையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துத்தான் பேசினான்.

"டீச்சரே, சாயிப்பு எனக்கு ஒரே ஒரு காரியந்தான் படிப்பிச்சுத் தந்தாரு. மூலை மடங்கப்பிடாது. கறை பிடிக்கப்பிடாது. இப்பம் பாக்கெட்டுக்குள்ள இருந்து எடுத்தது மாதிரி இருந்தா வெலை உண்டு. இல்லேன்னா அது வெறும் அட்டையாக்கும். அண்ணைக்கு நான் கண்ட மாதிரி இம்புட்டு வெள்ளையா அவரும் கண்டிருக்க மாட்டாரு."

"இதை ஏன்டே அண்ணைக்கே சொல்லல்ல?" என்றான் தாணு.

"சொன்னா, நீங்க அதுக்குத் தக்க ஏதாவது செய்து வைப்பிய. அதுக்காக்கும் சொல்லல்ல."

தாணு அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். தன் கையாலேயே திருப்பித் திருப்பிப் போட்டு விசாவைக் கருக்கியவன். அவன் விரல்களில் அப்போதும் புகை நிறம் இருந்தது. அவனைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அப்பாவைப் பார்க்க எரிச்சல் வந்தது.

அப்பா எழுந்து உள்ளே போனார். பஞ்சாங்கத்தோடு திரும்பி வந்தார். அதற்குள்ளிருந்து குத்தவைத்த ஆளை எடுத்து மேசைமேல் வைத்தார். பால் மாதிரி வெள்ளை.

தேவதாசன் வெகுநேரம் அதைத் தொடவே இல்லை. பிறகு வெயிலில் சாய்த்தான். நகத்தால் ஓரத்தைத் தடவினான்.

"சாயிப்புக்கு இது ஒண்ணுதான் கிட்டாம இருக்கு" என்றான். "ஆனா இதை நான் எப்பிடி நம்புவேன்? இதையும் எங்கயாவது செய்திருந்தியன்னா, சாயிப்பு கண்டுபிடிச்சா எனக்க சோலி போவும்."

"கிரிக்கெட்டுப் படத்தை ஆருலே வீட்டுல உண்டாக்குவா?" என்றான் தாணு.

"கைநாட்டை உண்டாக்கினியளே" என்றான் தேவதாசன். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னான்.

பிறகு அப்பா பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க, சாரே. இது உள்ளதா?"

"உள்ளது."

"அண்ணைக்குச் சத்தியம் பண்ணிட்டுச் சொன்னப்பமும் இதே மாதிரிதான் சொன்னிய."

அப்பா திரும்பித் தாணுவைப் பார்த்தார். தாணு முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தான்.

"அண்ணைக்குச் சொன்னது கள்ளம்" என்றார் அப்பா. "உங்க அப்பன் அந்தக் குடில்லதான் பொறந்தான். பிள்ளைக்க நாக்குல தொட்டு வைக்க எங்க அம்மை தேன் கொடுத்துவிட்டா. நான் சின்னப்பய, நானாக்கும் கொண்டு கொடுத்தது. எல்லாம் எனக்குத் தெரியும். அண்ணைக்குச் சொன்னது கள்ளம். இது உள்ளது."

இந்தத் தேன் கதையை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. மனசு இளகிச் சொன்னாரா, விசாவுக்காகச் சொன்னாரா? அவர் இருந்தவரை கேட்கத் தைரியம் வரவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை. அந்த நிமிடம் எனக்கு அழுகை வந்தது, அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

தேவதாசன் அட்டையைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தான். "இதை எங்கிட்ட சொல்லாண்டாம். அம்மை அங்க நிக்கா. அவகிட்டச் சொல்லுங்க" என்றான்.

வேலி வரைக்கும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த மழைக்கு முன்பு தாணு பஹ்ரைனுக்குப் போனான். அங்கே பல வருடம் இருந்தான். நான் இப்போது உட்கார்ந்து எழுதும் இந்த அறை அவன் கட்டியது. விசா அந்த அட்டைக்குக் கிடைத்ததா, அப்பா சொன்ன வார்த்தைக்குக் கிடைத்ததா என்று கேட்டால், தெரியாது என்கிறான். அவனுக்குத் தெரியும் என்பது என் சந்தேகம்.

என் மனதில் நிற்பது அப்பா அன்று நடந்த நடைதான். வேலி வந்தபிறகு அந்தப் பக்கம் அவர் கால் வைத்ததில்லை. தாணு கூட வரப் பார்த்தான், தேவதாசன் வேண்டாமென்று கைகாட்டிவிட்டு அப்பாவோடு நடந்தான். நான் கேட்காமலே பின்னால் போனேன். அப்பா பாதி வழியில் திரும்பிவிடுவார், அல்லது போய் வேறு எதையாவது சொல்லிவைப்பார் என்று எனக்குப் பட்டது.

ஞானம்மை முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கண்டதும் கத்தியோடு எழுந்து நின்றாள். அப்பா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். எதற்காக எடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. வேலி வாசலிலேயே நின்றார்.

"ஞானம்மே, பொன்னையன் இங்கதான் பொறந்தான். கோர்ட்டுல நான் சொன்னது கள்ளம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். தென்னைமரத்துக்குப் பின்னால் நின்ற என்னையும் பார்த்துவிட்டாள். எதிலும் அவளுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. அப்பாவின் மேல் வைத்த கண்ணை எடுக்காமலே மகனைக் கூப்பிட்டாள்.

"மக்கா, தாசா. உள்ள போயி நம்ம பட்டயத்தை எடுத்து நல்லாப் பூட்டி வையி."